கழுதை விழறதுக்கு முன்னாடி: யூத சமூகத்துல தர்மம் எப்படி வேலை செய்யுது

ஒரு கழுதை முதுகுல மூட்டை ஏத்திட்டுப் போறோம், வழியில மூட்டை ஒரு பக்கமா சரியுது. அந்த நேரத்துல பக்கத்துல நடக்கிற ஒரே ஒரு ஆளு கையால முட்டுக் குடுத்தா போதும், கழுதை நின்னுடும். கவனிக்காம விட்டு அது கீழ விழுந்துட்டா அஞ்சு பேர் சேர்ந்து இழுத்தாலும் எழுப்ப முடியாது. லேவியராகமத்துல, உன் சகோதரன் கை இளைச்சுப் போனா அவன தாங்கிப் பிடின்னு ஒரு வசனம் வரும், அதுக்கு பழைய யூத மத குருக்களான ரபிக்கள் குடுத்த விளக்கம் தான் இந்த கழுதை கதை. யூத சமூகத்துல தானதர்மம் எப்படி நடக்குது, அதனால வறுமை நிஜமா குறையுதான்னு கேக்கிறவங்களுக்கு நான் முதல்ல இந்த கழுதைய தான் காட்டுவேன். ஏன்னா அவங்க ரெண்டாயிரம் வருஷமா கட்டி வச்சிருக்கிற ஏற்பாட்டுல பாதி, ஆள் விழறதுக்கு முன்னாடி பிடிக்கிறதுக்காக. மீதி பாதி, பிடிக்கும்போது அவன் மானம் போகாம பாத்துக்கிறதுக்காக.

மொதல்ல சொல்லுல இருந்து ஆரம்பிப்போம். ஹீப்ருல இதுக்கு ட்ஸெதாக்கான்னு பேரு. வேர்ச்சொல் ட்ஸெதெக், அப்படின்னா நீதி. அந்த சொல்லோட வேர்ல இரக்கமோ பெரிய மனசோ கிடையாது, நியாயம் தான் இருக்கு. இது நமக்கு புரியறது ரொம்ப ஈஸி, கோயில் வாசல்ல "தர்மம் பண்ணுங்க சாமி"ன்னு கேக்கிறப்போ வர்ற அதே சொல்ல தான் நாமளும் அறத்துக்கும் நியாயத்துக்கும் வச்சிருக்கோம். நம்ம முஸ்லிம் நண்பர்கள் வீட்ல கேக்கிற சதக்காவும் இதுக்கு ஒண்ணு விட்ட தம்பி தான், அரபியும் ஹீப்ருவும் ஒரே மொழிக் குடும்பம். ஆனா பேரு நீதின்னு இருந்தா மட்டும் போதுமா, அந்த நீதிய அவங்க நிஜமாவே சட்டமா எழுதினாங்க, அங்க தான் விஷயம் சுவாரசியமாகுது.

விவசாயக் காலத்து சட்டம் இது. வயல் அறுக்கும்போது ஓரம் வரைக்கும் ஒட்ட அறுக்கக் கூடாது, ஒரு மூலைய விட்டுடணும். அறுக்கும்போது கைல இருந்து சிந்தின கதிர திரும்பப் பொறுக்கக் கூடாது. வயல்ல ஒரு கட்ட மறந்துட்டு வீட்டுக்கு வந்துட்டீங்கன்னா திரும்பிப் போய் எடுக்கக் கூடாது. இதெல்லாம் ஏழைக்கும் விதவைக்கும் திக்கத்தவங்களுக்கும் வெளியூர்ல இருந்து வந்து ஒண்டினவங்களுக்கும். பைபிள்ல ரூத் கதை தெரிஞ்சவங்களுக்கு ஞாபகம் வரும், மோவாப் தேசத்துப் பொண்ணு, புருஷன் செத்துட்டான், மாமியாரோட பெத்லகேமுக்கு வர்றா, போவாஸ்னு ஒருத்தரோட வயல்ல அறுவடை ஆளுங்க பின்னாடி போய் சிந்தின கதிர் பொறுக்குறா. அவ யாருகிட்டயும் கை நீட்டல, அவளுக்கு சட்டப்படி சேர வேண்டியத குனிஞ்சு எடுத்துக்கறா, அவ்ளோ தான். இதுல எனக்குப் பிடிச்ச இன்னொரு சின்ன விதி இருக்கு, வயல் சொந்தக்காரன் "இந்த மூலை என் தங்கச்சி மகனுக்கு, நீ போ"ன்னு ஆள் பாத்து குடுக்கக் கூடாது. யார் வந்தாலும் எடுக்கலாம். அவன் நிலம், அவன் விதைச்சது, ஆனா அந்த மூலை மேல அவனுக்கு அதிகாரம் இல்ல.

அப்புறம் ஜனங்க டவுன்ல வாழ ஆரம்பிச்சாங்க, வயலே இல்லாதவன் எந்த மூலைய விடுவான்? அதுக்குப் பதிலா வந்தது தான் ரெண்டு ஏற்பாடு, கூப்பா, தம்ஹூய். கூப்பான்னா கூடை இல்லன்னா பெட்டி, ஊர் பொது உண்டியல்னு வச்சுக்கலாம். வாரா வாரம் பணம் வசூல் பண்ணி வெள்ளிக்கிழமை அந்தந்த வீட்டுக்கு ஒரு வாரத்துக்கு தேவையானத குடுத்துடுவாங்க, இது உள்ளூர் ஏழைங்களுக்கு. தம்ஹூய்ங்கிறது பெரிய தட்டு, தினமும் வீடு வீடா சாப்பாடு வாங்கி அன்னன்னிக்கே பங்கு போடறது, இது வழிப்போக்கனுக்கும் உண்டு, இன்னிக்கு ராத்திரி என்ன சாப்பிடறதுன்னே தெரியாதவன் யாருக்கும் உண்டு. கி.பி. 200 வாக்குல தொகுத்த மிஷ்னாங்கிற சட்டத் தொகுப்புல இதுக்கு அளவு கூட போட்டிருக்காங்க. ரெண்டு வேளை சாப்பாடு கைல இருக்கிறவன் தம்ஹூய்ல கை வைக்கக் கூடாது, ஒரு வாரத்துக்கான பதினாலு வேளை சாப்பாடு இருக்கிறவன் கூப்பால வாங்கக் கூடாது. ஒரு நாளைக்கு ரெண்டு வேளை சாப்பாடுங்கிறது அந்த காலத்துக் கணக்கு.

இன்னொரு கோடு 200 ஸூஸ், ஸூஸ்ங்கிறது அந்தக் காலத்து வெள்ளிக் காசு. 200 ஸூஸ் கைல இருக்கிறவன் ஏழை இல்ல, வயல் மூலைல அவனுக்கு பங்கு கிடையாது. 199 இருந்தா? வாங்கலாம், ஆயிரம் பேர் ஒரே நேரத்துல குடுத்தாலும் வாங்கிக்கலாம்னு அதே மிஷ்னா சொல்லுது. அதே நேரம் வெறும் 50 ஸூஸ் தான் இருக்கு ஆனா அத போட்டு வியாபாரம் பண்றான்னா அவன் வாங்கக் கூடாது, ஏன்னா சும்மா கிடக்கிற 200ம் உழைக்கிற 50ம் ஒண்ணுன்னு கணக்கு. இன்னிக்கு நாம பேசற வறுமைக் கோடு மாதிரி தான், ஆனா வருமானத்த மட்டும் பாக்காம அந்தப் பணம் வேலை செய்யுதா இல்ல தூங்குதான்னும் பாக்கிறாங்க பாருங்க, அது எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு.

வசூல் பண்றவங்களுக்கு இருந்த கட்டுப்பாடு தான் செம. காசு வசூலுக்கு குறைஞ்சது ரெண்டு பேர் சேர்ந்து போகணும், பிரிச்சுக் குடுக்க மூணு பேர் வேணும், ஏன்னா யாருக்கு எவ்வளவுன்னு முடிவு பண்றது ஒரு வழக்க தீர்க்கிற மாதிரி, கோர்ட்டுக்கு மூணு பேர் வேணும்னா இதுக்கும் மூணு பேர் வேணும். வசூலுக்குப் போற வழியில தெருவுல காசு கிடந்து எடுத்தா அத சொந்த பாக்கெட்ல போடக் கூடாது, உண்டியல் பையில போட்டுடணும், வீட்டுக்குப் போன பிறகு வேணா எடுத்துக்கலாம். சில்லறை மாத்தணும்னா சொந்தப் பணத்தோட மாத்தக் கூடாது, வேற ஆளுகிட்ட போய் மாத்தணும். அவங்க திருடுவாங்கன்னு இல்ல, பாக்கிறவன் திருடறான்னு நினைச்சுட்டா நாளைக்கு குடுக்க மாட்டான், அவ்ளோ தான். நம்ம ஊர்ல திருவிழா வசூல் நோட்டு தூக்கிட்டுப் போனவங்களுக்கு இது நல்லாவே புரியும்.

இன்னொரு முக்கியமான விஷயம், கூப்பா விருப்பம் இருந்தா போடற உண்டியல் இல்ல. அது வரி. ஊருக்கு வந்து முப்பது நாள் ஆனா தம்ஹூய்க்கு குடுக்கணும், மூணு மாசம் ஆனா கூப்பாவுக்கு, ஆறு மாசம் ஆனா ஏழைங்க துணிமணிக்கு, ஒன்பது மாசம் ஆனா அடக்கச் செலவுக்கு, ஒரு வருஷம் ஆனா ஊர் மதில் கட்டறதுக்குன்னு, மிஷ்னாவுக்குப் பிறகு வந்த பெரிய விளக்கத் தொகுப்பான தால்முத்ல வரிசையா போட்டிருக்கு. வசதி இருந்தும் குடுக்க மாட்டேன்னு சொன்னா அவன் சொத்துல இருந்து எடுக்கவும் ஊர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருந்துச்சு. பொதுவா பத்துல ஒரு பங்கு குடுக்கிறது வழக்கம், அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகாதேன்னும் தடை இருக்கு, தாராளமா எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டு நாளைக்கு நீயே வரிசைல வந்து நின்னா யாருக்கு லாபம்னு கேக்கிறாங்க. அதே மாதிரி தர்மத்துல வாழற ஏழையும் தனக்கு கிடைச்சதுல கொஞ்சம் தர்மம் பண்ணணும், இதுல யாருக்கும் விலக்கு இல்ல. முதல் தடவை படிச்சப்போ எனக்கு இது கொடுமையா பட்டுச்சு, இருக்கிறதே கொஞ்சம் அதுலயும் பிடுங்கறாங்களேன்னு. பிறகு தான் புரிஞ்சுது, வாங்கறவன்னு ஒரு ஜாதி குடுக்கிறவன்னு ஒரு ஜாதின்னு ஊரு ரெண்டா பிரிஞ்சிடாம இருக்க இது ஒரு வழி.

ஏமாத்தறவங்கள என்ன பண்ணாங்கன்னு கேப்பீங்க. அதுக்கும் ஒரு விவாதம் நடந்திருக்கு. கடைசில நின்ன முடிவு, ஒருத்தன் வந்து துணி இல்லன்னு சொன்னா விசாரிச்சுட்டு குடு, பசிக்குதுன்னு சொன்னா விசாரிக்காதே, உடனே குடு.

இப்போ மானம் பத்தி. நல்லா வாழ்ந்து கெட்ட ஒருத்தர் இருந்தாராம், முன்னாடி குதிரைல போவாராம், குதிரைக்கு முன்னாடி ஒரு வேலைக்காரன் ஓடுவானாம். ஹில்லேல்னு ஒரு பெரிய ரபி அவருக்காக குதிரையும் ஆளும் ஏற்பாடு பண்ணிக் குடுத்தாராம், ஒரு நாள் ஆள் கிடைக்கல, ஹில்லேலே இறங்கி குதிரைக்கு முன்னாடி மூணு கிலோமீட்டர் கிட்ட ஓடினாராம். கேக்க கொஞ்சம் ஓவரா தான் இருக்கு. சாப்பாடு இல்லாதவன் ஊர்ல இருக்கும்போது இவருக்கு குதிரையான்னு நானும் கேட்டேன், தால்முத்தே, பின்னாடி மைமோனிடிஸ்ங்கிற சட்ட அறிஞரும், பணக்காரனாக்கறது உன் கடமை இல்ல, இல்லாதத நிரப்பறது தான் கடமைன்னு எல்லை போட்டாங்க. ஆனா ஒருத்தனுக்கு என்ன இல்லையோ அது ஆளுக்கு ஆள் வேறன்னு அவங்க யோசிச்சது உண்மை.

சாவு விஷயத்துல இது இன்னும் அழுத்தமா தெரியும். ஒரு காலத்துல அடக்கம் பண்ற செலவு சாவ விட கஷ்டமா இருந்துச்சாம், சொந்தக்காரங்க பொணத்த அப்படியே போட்டுட்டு ஓடிப்போற அளவுக்கு. ரப்பான் கம்லியேல்னு ஒரு தலைவர், அவர் நினைச்சா பட்டுலயே போகலாம், ஆனா என்னை சாதாரண லினன் துணில சுத்தி புதைங்கன்னு சொல்லிட்டு செத்தார், அதுக்கப்புறம் ஊரே அப்படியே பண்ண ஆரம்பிச்சுது. இன்னிக்கு வரைக்கும் மரபுப்படி பணக்காரன் ஏழை எல்லாருக்கும் ஒரே மாதிரி வெள்ளைத் துணி தான், ஹெவ்ரா கதிஷான்னு ஒரு தன்னார்வக் குழு குளிப்பாட்டி உடுத்தி அனுப்பி வைக்கும். துக்க வீட்டுக்கு சாப்பாடு கொண்டு போறதுலயும் பணக்காரன் வெள்ளிக் கூடைல, ஏழை மரப் பிரம்புக் கூடைலன்னு இருந்தத மாத்தி எல்லாரும் பிரம்புக் கூடைலயே கொண்டு போகணும்னு ஆக்கிட்டாங்க. ஏழைக்கு வெள்ளிக் கூடை வாங்கித் தர்றதுக்கு பதிலா பணக்காரன இறங்கி வர வச்சாங்க.

மார் உக்வான்னு பாபிலோன்ல ஒருத்தர் கதையும் சொல்லணும். பக்கத்துல இருந்த ஏழை வீட்டு கதவு சந்துல தினமும் நாலு ஸூஸ் போட்டுட்டு ஆள் தெரியாம போயிடுவார். ஒரு நாள் அந்த ஏழை, யாருடா இதுன்னு பாத்துடணும்னு காத்திருந்தான், அன்னிக்கு மார் உக்வா பொண்டாட்டியும் கூட வந்திருந்தாங்க, கதவு அசையறத பாத்து அவன் வெளிய வர, இவங்க ரெண்டு பேரும் ஓடிப்போய் அப்ப தான் நெருப்ப கூட்டித் தள்ளின ஒரு அடுப்புக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாங்க. இன்னொருத்தன சபைல தலை குனிய வைக்கிறத விட அடுப்புல விழறது மேல்ங்கிறது கதையோட கருத்து. இந்தக் கதைக்கு இன்னொரு பாதி இருக்கு, அத பிறகு சொல்றேன்.

இதையெல்லாம் ஒழுங்குபடுத்தி ஒரே இடத்துல எழுதினவர் மைமோனிடிஸ். ஸ்பெயின்ல கோர்தோபால பிறந்து, துரத்தப்பட்டு ஊர் ஊரா போய், கடைசில எகிப்துல கெய்ரோ பக்கத்துல ஃபுஸ்தாத்ல செட்டில் ஆகி டாக்டரா இருந்தவர், 1204ல இறந்தார். யூதர்கள் அவர சுருக்கமா ரம்பம்னு தான் கூப்பிடுவாங்க, நம்ம ஊர்ல அந்தப் பேர வேற அர்த்தத்துல சொல்வோம், ஆனா மனுஷன் எழுத்து அவ்வளவு தெளிவு. ரத்தின வியாபாரியான அவரோட தம்பி இந்தியாவுக்கு வியாபாரத்துக்கு வரும்போது கடல்ல மூழ்கி இறந்துட்டார், குடும்பத்துப் பணமும் அவரோட போச்சு. அதனால விழறதுன்னா என்னன்னு அவருக்குத் தெரியும். அவர் தர்மத்த எட்டு படியா பிரிச்சார். அடி படி மூஞ்ச சுளிச்சுட்டு குடுக்கிறது. அதுக்கு மேல கொஞ்சமா ஆனா சிரிச்ச முகத்தோட குடுக்கிறது, அப்புறம் கேட்ட பிறகு குடுக்கிறது, கேக்கிறதுக்கு முன்னாடியே குடுக்கிறது, அப்புறம் யார் யாருக்கு தெரியும்ங்கிற கணக்கு வருது, வாங்கறவனுக்கு மட்டும் தெரியும், குடுக்கிறவனுக்கு மட்டும் தெரியும், ரெண்டு பேருக்குமே தெரியாதுன்னு. கூப்பா இந்த கடைசி வகைக்கு கிட்டத்தட்ட வந்துடும், ஆனா நிர்வாகி நம்பிக்கையானவரா இல்லன்னா அதுல போடாதேன்னும் சேர்த்து எழுதியிருக்கார்.

எட்டாவது படில, எல்லாத்துக்கும் மேல, அவர் வச்சது வெறும் தானம் இல்ல. அன்பளிப்பாவோ கடனாவோ குடு, இல்ல தொழில்ல பார்ட்னரா சேத்துக்கோ, இல்ல ஒரு வேலை போட்டுக் குடு, அவன் யாருகிட்டயும் கேக்க வேண்டிய நிலைமையே வராத மாதிரி. பாத்தீங்களா, மறுபடியும் கழுதை.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் தானேன்னு யாராவது கேட்டா அதுக்கு ஒரு நல்ல பதில் ஃபுஸ்தாத்லயே கிடைச்சுது. பென் எஸ்ரா ஜெப ஆலயத்துல ஒரு ரூம், கடவுள் பேரு எழுதியிருக்கக் கூடிய காகிதத்த குப்பைல போடக் கூடாதுன்னு நூத்துக்கணக்கான வருஷமா அதுல போட்டு வச்சிருந்தாங்க, லட்சக்கணக்கான துண்டுங்க, 1896, 97 வாக்குல பெரும் பகுதி கேம்பிரிட்ஜ் போச்சு. அதுல வெறும் சாமி விஷயம் மட்டுமில்ல, யாருக்கு எத்தன ரொட்டி குடுத்தோம்னு லிஸ்ட், யார் எவ்வளவு குடுத்தாங்கன்னு லிஸ்ட், உதவி கேட்டு எழுதின கடுதாசிங்க. செவ்வாயும் வெள்ளியும் ரொட்டி குடுத்திருக்காங்க. லிஸ்ட்ல குருடர், விதவை, வெளிநாட்ல இருந்து ஓடி வந்தவங்க எல்லாம் வர்றாங்க. கடுதாசிகள்ல ஒரு சொல்லாட்சி திரும்பத் திரும்ப வருது, உதவி கேக்கிறத "முகத்த திறக்கிறது"ன்னு சொல்றாங்க, இதுவரைக்கும் மூடி மறைச்சு வாழ்ந்துட்டேன் இப்போ முகத்த திறக்க வேண்டியதா போச்சுங்கிற மாதிரி. யூதர்கள்னாலே பணக்காரங்கன்னு ஒரு பேச்சு உலகம் பூரா சுத்துது, இந்த ரொட்டி லிஸ்ட ஒரு தடவை பாத்தா அந்தப் பேச்சு எவ்வளவு அபத்தம்னு புரிஞ்சிடும்.

அதே ஃபுஸ்தாத் யூத சமூகத்துக்கு இருந்த இன்னொரு பெரிய செலவு, கடற்கொள்ளைக்காரன் கிட்டயும் படையெடுத்தவன் கிட்டயும் மாட்டினவங்கள பணம் குடுத்து மீட்கிறது. 1168ல சிலுவைப்போர் படை எகிப்துல இருக்கிற பில்பேஸ் டவுன பிடிச்சப்போ மாட்டிக்கிட்ட யூதர்களுக்காக மைமோனிடிஸே ஊர் ஊருக்கு கடுதாசி எழுதி பணம் திரட்டியிருக்கார். ஆனா மிஷ்னா ஒரு கறாரான விதி போட்டிருந்துச்சு, விலைக்கு மேல குடுத்து மீட்காதே. குடுத்தா அதுவே ஒரு தொழிலாயிடும், நாளைக்கு இன்னும் நாலு பேர பிடிப்பான்.

கடன் விஷயத்துக்கு வருவோம், எனக்கு இந்த மொத்த கதைலயும் இது தான் பிடிச்ச பகுதி. யூதருக்குள்ள வட்டி வாங்கக் கூடாது, அது பைபிள் சட்டம். ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை கடன் எல்லாம் தள்ளுபடியும் ஆகணும். என்ன நடக்கும்? நீங்களே யோசிங்க, ஆறாவது வருஷம் யாராவது கடன் குடுப்பாங்களா? குடுக்கல. ஏழைய காப்பாத்த போட்ட சட்டமே ஏழைக்கு கைமாத்து கிடைக்காம பண்ணிடுச்சு. அதே ஹில்லேல், குதிரைக்கு முன்னாடி ஓடினார்னு சொன்னேனே அவரே தான், ப்ரோஸ்புல்னு ஒரு பத்திரம் கொண்டு வந்தார், கடன நீதிமன்றத்து கைல ஒப்படைச்சுட்டா ஏழாவது வருஷ தள்ளுபடி அதுக்கு பொருந்தாது. கடன் குடுத்தவனுக்கு சாதகமா தெரிஞ்சாலும் உண்மைல கடன் வாங்க வேண்டியவனுக்கு தான் கதவு திறந்துச்சு.

அந்த வட்டியில்லா கடன் பழக்கம் தான் அமெரிக்கால பெரிய அளவுல கைகொடுத்துச்சு. ரஷ்ய சாம்ராஜ்யத்துல கலவரத்துக்கும் வறுமைக்கும் தப்பிச்சு நியூயார்க் லோயர் ஈஸ்ட் சைடுக்கு வந்தவங்க, தள்ளுவண்டி போடணும் தையல் மெஷின் வாங்கணும்னா கைல காசு இல்ல, பேங்க் கிட்ட சேக்காது. 1892ல கொஞ்ச பேர் சேர்ந்து 95 டாலர் போட்டு ஒரு வட்டியில்லா கடன் சங்கம் ஆரம்பிச்சாங்க, ஹீப்ரு ஃப்ரீ லோன் சொசைட்டி, இன்னிக்கும் நடக்குது. முறை ரொம்ப சிம்பிள், ஜாமீன் போட ஆள் கொண்டு வா, கடன எடுத்துக்கோ, தவணைல கட்டு, கட்டின பணம் அடுத்தவனுக்குப் போகும். யூதர் இல்லாதவங்களும் வாங்கியிருக்காங்க. தானமா குடுத்திருந்தா அந்த 95 டாலர் ஒரு தடவை தான் செலவாகியிருக்கும், கடனா குடுத்ததால ஒரே டாலர் பல வீட்டுக்கு போயிட்டு வந்துச்சு.

இதோட சின்ன வடிவத்துக்கு கெமாஹ்னு பேரு, பக்தியான யூதர்கள் வாழற ஏரியால தெருவுக்கு தெரு இருக்கும். பணம் மட்டும்னு இல்ல, கல்யாண டிரெஸ் கெமாஹ், தொட்டில் கெமாஹ், மடக்கு நாற்காலி கெமாஹ், ராத்திரி குழந்தைக்கு காய்ச்சல் வந்தா மருந்து எடுத்துக்கற கெமாஹ். யாரோ ஒரு அம்மா தன் வீட்டு அலமாரிய ஒதுக்கி நடத்துவாங்க. எடுத்துட்டுப் போய் திருப்பிக் குடுக்கிறதால இது தர்மம்ங்கிற நினைப்பே வராது, வசதியானவங்களும் தான் வந்து எடுப்பாங்க, அதனால உள்ள போறவன் ஏழையா இல்லையான்னு தெருவுல நிக்கிறவனுக்கு தெரியாது. இதுல இருந்து வளர்ந்தது தான் ஜெருசலேம்ல யாத் சாரா, 1976ல ஊரி லுப்போலியான்ஸ்கின்னு ஒரு வாத்தியார் வீட்ல ஆரம்பிச்சார், குழந்தைக்கு ஆவி பிடிக்கிற மெஷின இரவல் குடுக்கிறதுல தொடங்கி இன்னிக்கு வீல்சேர், ஊன்றுகோல், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் நாடு முழுக்க நூத்துக்கு மேல கிளைங்கள்ல, பெரும்பாலும் தன்னார்வலர்கள வச்சே. யூதரா அரபியான்னு கேக்கிறதில்ல. 1994ல இஸ்ரேல் பரிசு கிடைச்சுது, அவர் பிறகு ஜெருசலேம் மேயரா கூட இருந்தார்.

அமெரிக்கால யூத தர்மம் இவ்வளவு அமைப்பா வளர்ந்ததுக்கு பின்னாடி ஒரு கட்டாயமும் இருக்கு. 1654ல பிரேசில்ல ரெசிஃபேய போர்ச்சுகீசியர் திரும்பப் பிடிச்சதும் 23 யூதர் இன்னிக்கு நியூயார்க்னு சொல்ற நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து சேர்ந்தாங்க. கவர்னர் ஸ்டைவெசண்ட் இவங்கள விரட்டணும்னு நின்னார். 1655ல அந்த ஊர நிர்வகிச்ச டச்சு வியாபாரக் கம்பெனி இவங்க இருக்கலாம்னு அனுமதிச்சுது, ஒரு கண்டிஷனோட, இவங்கள்ல ஏழைங்க கம்பெனிக்கோ ஊருக்கோ பாரமாகக் கூடாது, அவங்க ஆளுங்களே பாத்துக்கணும். ஐரோப்பாவுலயும் நெடுங்காலம் இதே நிலைமை தான், அரசாங்கம் பாக்காது, சர்ச் பாக்காது. அதனால இவங்க இரக்க குணத்துல பிறவி மேதைங்கன்னு நான் சொல்ல வரல, வேற வழி இல்லாததும் ஒரு காரணம்.

பிறகு வேற ஒரு பிரச்சனை வந்துச்சு, சங்கம் ரொம்ப அதிகமாயிடுச்சு. அனாதை இல்லம் ஒண்ணு, ஆஸ்பத்திரி ஒண்ணு, கல்யாண உதவி ஒண்ணுன்னு ஒவ்வொருத்தரும் தனித்தனியா ஒரே பணக்காரன் வீட்டு வாசல்ல நின்னாங்க. 1895ல பாஸ்டன்ல எல்லாத்தையும் சேர்த்து ஒரே வசூல், அப்புறம் கமிட்டி உக்காந்து பிரிக்கிறதுன்னு கொண்டு வந்தாங்க, அத ஃபெடரேஷன்னு சொல்வாங்க, பழைய கூப்பாவுக்கு கோட்டு சூட்டு மாட்டி விட்ட மாதிரி. 1914ல முதல் உலகப் போர்ல பாலஸ்தீன யூதர்களுக்கு ஐரோப்பால இருந்து வந்துட்டிருந்த பணம் நின்னு பட்டினி வர்ற நிலைமை, துருக்கில இருந்த அமெரிக்க தூதர் மோர்கெந்தாவ் 50,000 டாலர் வேணும்னு நியூயார்க்குக்கு தந்தி அடிச்சார், பணம் போச்சு, அதுல இருந்து பிறந்தது தான் ஜாயிண்ட்னு சொல்ற பெரிய நிவாரண அமைப்பு. சோவியத் யூனியன் உடைஞ்சப்போ பென்ஷன் மதிப்பு இல்லாம போன வயசான யூதர்களுக்கு சாப்பாடு, மருந்து, வீட்டுக்கு வந்து பாத்துக்கற ஆள்னு இன்னிக்கு வரைக்கும் பண்றது அவங்க தான், அதுல நாஜி கொடுமைல தப்பினவங்களும் நிறைய பேர். இன்னொரு பக்கம் 1880லயே செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஓஆர்டின்னு ஒரு அமைப்பு, ஏழை யூதர்களுக்கு கைத்தொழிலும் விவசாயமும் கத்துக் குடுக்க ஆரம்பிச்சது, மைமோனிடிஸோட மேல் படி அப்படியே.

எல்லாம் அழகாவே நடந்துச்சுன்னு நினைச்சுடாதீங்க. லண்டன்ல 1859ல யூத ஏழைங்களுக்காக ஒரு போர்டு ஆரம்பிச்சாங்க, பல பேர காப்பாத்துச்சு, மறுக்க முடியாது. ஆனா நாட்டுக்கு வந்து ஆறு மாசம் ஆகாதவனுக்கு உதவி கிடையாதுன்னு விதி வச்சாங்க, ரஷ்யால இருந்து வந்த ஆயிரக்கணக்கானவங்கள திரும்பியும் அனுப்பி வச்சாங்க. பசிக்குதுன்னா விசாரிக்காதேன்னு தால்முத் சொன்னது எங்க, இது எங்க. ஏற்கனவே செட்டில் ஆன யூதர்களுக்கு, இந்த அழுக்குத் துணி ஆளுங்களால நம்ம பேரும் கெட்டுப் போயிடுமோன்னு பயம். அதே கிழக்கு லண்டன்ல ப்ரூன் ஸ்ட்ரீட்ல இன்னொரு பக்கம் யூத ஏழைங்களுக்கான சூப் கிச்சன், 1902ல கட்டின கட்டடம், வாசல் மேல பேரு செதுக்கி இன்னும் நிக்குது, 1992 வரைக்கும் சாப்பாடு குடுத்துச்சு. வாசல்லயே ஏழைன்னு எழுதி வச்ச கட்டடத்துக்குள்ள நுழையறது எப்படி இருந்திருக்கும், கதவு சந்துல காசு போட்ட மார் உக்வா பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ.

இப்போ நடக்கிறதுல ரெண்டு மூணு சொல்றேன். தோம்ஹே ஷபாத்னு சொல்ற குழுக்கள் வாரக் கடைசி ஓய்வு நாள் சாப்பாட்டுக்கான பெட்டிய வியாழக்கிழமை ராத்திரி வீட்டு வாசல்ல வச்சுட்டு சத்தம் போடாம போயிடுவாங்க. பாஸ்கா பண்டிகைக்கு முன்னாடி மாவு வாங்க தனி வசூல் உண்டு, பூரிம் பண்டிகைக்கு குறைஞ்சது ரெண்டு ஏழைக்கு குடுத்தே ஆகணும். நியூயார்க்ல 1972ல ஆரம்பிச்ச மெட் கவுன்சில்ங்கிற அமைப்பு, யூத உணவு விதிக்கு ஏத்த கோஷர் மளிகையும் வயசானவங்களுக்கு வீடும் குடுக்குது, அரசாங்க உதவிக்கு ஃபாரம் நிரப்பவும் உக்காந்து உதவுது. இஸ்ரேல்ல லெகெத்னு ஒரு அமைப்பு 2003ல இருந்து தோட்டத்துல விலை போகாம விடற காய்கறி, ஹோட்டல்ல மிஞ்சற சாப்பாடு எல்லாத்தையும் எடுத்து ஏழைங்களுக்கு அனுப்புது. லெகெத்னா சிந்தின கதிர், ரூத் பொறுக்கினது அது தான்.

இவ்வளவு இருந்தும் வறுமை ஒழிஞ்சுதான்னா, இல்ல. இஸ்ரேல்லயே தீவிர பக்தி யூதர்கள் நடுவுல வறுமை ரொம்ப அதிகம், கெமாஹ் அதிகமா இருக்கிறதும் அங்க தான். பெரிய குடும்பம், ஆம்பளைங்க நிறைய பேர் வேலைக்குப் போகாம வேதம் படிக்கிறது, கையில தொழில் படிப்பு இல்லாதது, இதையெல்லாம் மளிகைப் பெட்டி சரி பண்ணாது, சில பேர் அதுவே இந்த நிலைமைய நீட்டிக்குதுன்னு கூட வாதாடறாங்க. என் கணிப்பு என்னன்னா, பழைய கூப்பா வேலை செஞ்சதுக்கு காரணம் அது வரியா இருந்தது. இன்னிக்கு ஃபெடரேஷனுக்கு குடுக்கலாம் குடுக்காமலும் இருக்கலாம். அதனால இப்போ வரி வாங்கற அரசாங்கம் தான் நிஜமான கூப்பா, சமூக அமைப்புங்க தம்ஹூய் வேலையும் கடன் வேலையும் பாக்கறாங்க, விழப் போற கழுதைக்கு முட்டுக் குடுக்கிற வேலை. அத குறைச்சு எடை போடறதுக்கில்ல, வீட்டு வாடகைக்கு ஒரு மாசம் கை குடுத்தா ஒரு குடும்பம் தெருவுக்கு வராது.

யூதர் இல்லாதவங்களுக்கு இதுல இடம் உண்டான்னு நிறைய பேர் கேப்பாங்க. முதல் உரிமை சொந்தக்காரங்களுக்கு, அப்புறம் உள்ளூர் ஏழைக்கு, அப்புறம் வெளியூர்னு வரிசை இருக்கு. அதே நேரம் ஊர்ல அமைதி நிலைக்கணும், அதனால மத்த ஜனங்கள்ல ஏழைக்கும் நம்ம ஏழையோட சேர்த்தே குடுன்னு தால்முத் சொல்லுது. ரஷ்ய யூத அகதிகளுக்காக ஆரம்பிச்ச ஹியாஸ்ங்கிற அமைப்பு இன்னிக்கு பாக்கிறது பெரும்பாலும் யூதர் இல்லாத அகதிங்கள தான்.

மார் உக்வா கதைல மீதி இருக்குன்னு சொன்னேன்ல. அந்த அடுப்புக்குள்ள ஒளிஞ்சப்போ தரை சுட்டு அவர் கால் வெந்துச்சு. பொண்டாட்டி காலுக்கு ஒண்ணும் ஆகல, என் கால் மேல உங்க கால வச்சுக்கோங்கன்னு அவங்க சொன்னாங்க. மனுஷனுக்கு முகம் வாடிப் போச்சு, தினமும் யாருக்கும் தெரியாம போய் காசு போடறவன் நான், எனக்கு சுடுது, உனக்கு சுடலையே. அதுக்கு அந்தம்மா சொன்னாங்களாம், நான் வீட்லயே இருக்கேன், பசின்னு வர்றவங்க என் முன்னாடி தான் வந்து நிப்பாங்க, நீங்க காசு குடுக்கறீங்க, அவன் அத எடுத்துட்டு கடைக்குப் போகணும், நான் குடுக்கிறது அப்பவே வாய்க்குப் போற சாப்பாடு.